அரசாங்கம் உனக்கென்று அரைத்த மா

கத்தார் தேசத்தின் வானம் கீழே விழாமல் கம்பி கட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிற என் மகனே, நீ அங்கே ஒரு கம்பியை இறுக்காமல் விட்டாலும் அந்த நாடு அப்படியே கடலுக்குள் சரிந்துவிடும் என்று களுதாவளைச் சந்தியில் நாலு பேருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். ஆகையால் இதை வேலை நேரத்தில் வாசிக்காதே. வெள்ளிக்கிழமை லீவில் சமைத்துச் சாப்பிட்டு, கால் நீட்டிக்கொண்டு வாசி. உன்னுடைய போனுக்கு மட்டும் அனுப்பாமல் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு மலருக்கும் இதைக் கொடுக்கப்போகிறேன். கோபிக்காதே. நீ வீட்டுக்குப் போட்டுவிட்டுப் போன கட்டளையையே, கடல் தாண்டிப் போன அரைவாசி ஊரும் தன் தன் வீட்டுக்குப் போட்டிருக்கிறது என்று கிளினிக்கில் பிள்ளைகளை நிறுக்கிற மருத்துவமாது சொன்னார். ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாக எழுதினால் எனக்குக் கை உளையும்.

நான் எப்படி இருக்கிறேன் என்று வீடியோவில் வரும்போதெல்லாம் கேட்கிறாய். பல் பிடுங்க முதல் ஒரு ஊசி போடுவார்கள், தெரியும்தானே. கன்னத்தைத் தொட்டால் அது வேறு யாருடையதோ கன்னமாக இருக்கும். உன் அம்மா போன நாளிலிருந்து நான் உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை அப்படித்தான். அழவில்லை என்று ஊர் பேசியது உன் காதுக்கும் வந்திருக்கும். இந்தப் பக்கத்தில் கோயில் திருவிழா என்றாலும் சாவு என்றாலும் லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவன் நான். அமிர்தகழிக் கோயில் தீர்த்தத் திருவிழாவில் தொலைந்த பிள்ளைகளையெல்லாம் என் குரல்தான் தாய்மாரிடம் சேர்த்தது; அந்தக் கணக்கில் மட்டக்களப்பில் பாதிப்பேர் எனக்குப் பிள்ளைகள். அப்படிப்பட்டவன் சொந்தப் பெண்சாதியின் மரண அறிவித்தலுக்கு இன்னொருத்தனைக் கூலிக்குப் பிடிப்பதா? ஆட்டோவில் மைக்கைக் கட்டி, ஒழுங்கை ஒழுங்கையாக நானே சொல்லிக்கொண்டு போனேன். எல்லாருக்கும் சொல்கிற அதே குரல். ஓரிடத்திலும் தடக்கவில்லை. வீட்டுக்கு வந்து மைக்கைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். அன்று போன உணர்ச்சி இன்னும் திரும்பி வரவில்லை. வழியில் எங்கேயோ பஸ் பழுதாகி நிற்கிறது போல.

இனி உன் கட்டளைக்கு வருவோம். அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து நீ திரும்பிப் போகிற அன்று, வான் வாசலில் நிற்கிறது. பெட்டி ஏற்றியாயிற்று. உன் பிள்ளை உன் பெண்சாதியின் இடுப்பில். ஒரு காலை வானுக்குள் வைத்துக்கொண்டுதான் நீ திரும்பினாய்.

“தர்சினி, கேட்டுக்க. இனிக் கிளினிக்கில குடுக்கிற மாவெல்லாம் எடுக்கத் தேவல்ல. என்ட புள்ள கை நீட்டித் தின்னணுமெண்டா நான் என்னத்துக்கு அந்த வெயில்ல கிடந்து காயிறன்?”

“ஓம்,” என்றாள் அவள். உன்னைப் பார்க்காமல் பிள்ளையின் ஒரு செருப்பைக் கழற்றித் திரும்பவும் மாட்டினாள். நானோ பக்கத்தில் நின்று, “அதுதானே! ராசவம்சத்துப் புள்ளையல்லவா!” என்று பெரிய குரலில் ஒத்து ஊதினேன். வான் போய்விட்டது. பிள்ளை நிறை காணாது என்று கிளினிக்கில் அரசாங்கத்தின் இலவசச் சத்து மாவான அந்தத் திரிபோஷாவை ஏற்கெனவே கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள் என்பது உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. எனக்கு அந்த நாட்களில் கிழமைகூடத் தெரியாது.

அந்த ராசவம்சம் எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன். உனக்கு மூன்று வயதிருக்கும். சண்டைக் காலம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நம்முடைய பழைய வீடு. நீ இருந்த மெலிவுக்கு, காற்றடிக்கிற நாளில் உன்னை வேலிக் கம்பியில் கட்டிவைக்காவிட்டால் வாவி கடந்து எழுவான்கரையில் போய் விழுந்திருப்பாய். உன்னுடைய நெஞ்செலும்பில் உன் அம்மா தேங்காய் துருவியிருக்கலாம். கிளினிக்கில் இதே மாவைத்தான் தந்தார்கள். அம்மா குழைத்து ஊட்டுவாள், நீ துப்புவாய். சீனி போட்டாள், துப்பினாய். வாழைப்பழம் பிசைந்தாள், அவளின் முகத்திலேயே துப்பினாய். கடைசியில் நான் கோப்பையை வாங்கிக்கொண்டு குரலைத் திறந்தேன். அரசாங்கம் இந்த இலங்கை முழுக்கத் தேடி, நாளைக்கு நாட்டைத் தாங்கப்போகிற ஒரேயொரு பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டது என்றேன். உன் பெயரை வாசித்ததும் மந்திரிமார் அத்தனை பேரும் கதிரையை விட்டு எழும்பி நின்றார்கள் என்றேன். இந்தப் பிள்ளைக்கென்று தனியாக ஒரு மில் போட்டு மா அரையுங்கள், வேறு யாருக்கும் கொடுத்தால் தலை போகும் என்று உத்தரவு வந்திருக்கிறது என்றேன். நீ வாயைத் திறந்தாய். விழுங்கினாய். பிறகு நாட்டுக்காகத் தினமும் விழுங்கினாய்.

பாலர் வகுப்புக்குப் போனபோது ஒரு பெடியன், அந்த மா தன் வீட்டிலும் இருக்கிறது, மெலிந்த பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று சொல்லிவிட்டான். நீ அழுதுகொண்டு வந்தாய். நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “அது உன்ட மில்லில மிஞ்சின தவிடு மனே. பாவமெண்டு அவங்களுக்கும் கொஞ்சம் குடுக்கச் சொல்லி நான்தான் எழுதிப் போட்டன்” என்றேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கு இன்னும் கொஞ்சம் அனுப்பச் சொன்னாய். அம்மா அடுப்படியில் இருந்து, “வயல்வட்டை முழுக்கப் பாய் விரிச்சுப் போட்டாலும் இந்த மனுசன்ட புளுகு காயாது” என்றாள். ஆனால் அவளும் உன்னிடம் உண்மையைச் சொல்லவில்லை. உன் எலும்பு மறைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் வேறு எதையும் சொல்ல மாட்டாள்.

இதைக் குற்றமாக ஒப்புக்கொள்கிறேன் என்று நினைத்துவிடாதே. இன்றைக்கு நீ மூன்று வயதாக வந்து துப்பினாலும் அதையேதான் சொல்வேன், இன்னும் ரெண்டு மந்திரியைச் சேர்த்துச் சொல்வேன். நீ வளர்ந்து அது புளுகென்று கண்டுகொண்டாய். ஆனால் புளுகைக் கழுவி ஊற்றியபிறகும் அடியில் ஒன்று மிஞ்சியிருக்கிறது: அந்த மா வேறு யாரோ பாவப்பட்டவர்களுக்கு, நமக்கல்ல என்பது. அதைத்தான் நீ வானுக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னாய்.

நீ போனபிறகு நான் படுவான்கரை வீட்டில் தனியே கிடந்தேன். நம்முடைய பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் கட்டினால் மனைவி வீட்டுக்குப் போவான். அவனுடைய தகப்பனும் பின்னால் மூட்டை கட்டிக்கொண்டு போகிற வழக்கம் என்னோடுதான் தொடங்கியிருக்கிறது. தர்சினி ஒருநாள் ஆட்டோ பிடித்து வந்தாள். “மாமா, ஏறுங்க” என்றாள். “மருமகள் வீட்டில இருந்தா ஊர் சிரிக்கும் புள்ள.” “ஊர் இவ்வளவு காலமும் உங்களைப் பாத்துச் சிரிச்சதுதானே. ஏறுங்க.” என்னுடைய ரெண்டு லவுட்ஸ்பீக்கர் குழலையும் மடியில் வைத்துக்கொண்டு, நாடு பிடித்த ராசாபோல எழுவான்கரைக்கு வந்து சேர்ந்தேன்.

ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. சோற்றைப் பார்த்தால் அது வெள்ளையாக இருக்கிறது என்பது தெரியும். அதைத் தின்ன வேண்டும் என்பது ஞாபகத்துக்கு வராது. அவள் வாவி இறாலைப் பொரித்து வைத்தாள், நண்டுக் குழம்பு வைத்தாள். சோற்றுக் கோப்பை அப்படியே திரும்பிப் போகும். “மாமா, பிடிக்கல்லையா?” “நல்லாத்தான் இரிக்கும் புள்ள.” பிறகு ஒருநாள் பின்னேரம், வெறும் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் உருண்டைகள் இருந்தன. “என்ன புள்ள இது?” “குரக்கன் மா, மாமா. தேங்காப்பூவும் சீனியும் போட்டு உருட்டினது.” ஒன்றை வாயில் போட்டேன். ருசி ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கோப்பையைப் பார்க்கத் தேவையில்லை, பிசையத் தேவையில்லை, முன்னால் யார் இருக்கிறார் யார் இல்லை என்று பார்க்கத் தேவையில்லை. மென்றால் போய்விடும். அன்றிலிருந்து தினமும் உருண்டை வந்தது. தினமும் தின்றேன். சந்தியில் போய், என் மருமகள் உருட்டுகிற உருண்டையில் ஒன்று கைதவறி விழுந்தால் வாவி ரெண்டாகப் பிரிந்து ஓடும் என்று சொன்னேன். வாய் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கிளினிக் நாளன்று தர்சினிக்குக் காய்ச்சல். எழும்ப ஏலாமல் படுத்திருந்தவள் தயங்கித் தயங்கி, “மாமா, புள்ளையை நிறுத்துக்கிட்டு மட்டும் வாறயளா?” என்று கேட்டாள். போனேன். தராசு கூரையிலிருந்து தொங்குகிறது. பிள்ளைகளைத் துணிக் கால்சட்டைக்குள் போட்டு அதில் கொழுவிவிடுகிறார்கள். நாட்டில் உள்ள அழுகை முழுவதும் அந்த ஒரு கொக்கியில்தான் தொங்குகிறது. எங்கள் பிள்ளை மட்டும் அழவில்லை. சும்மா தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். மருத்துவமாது நிமிர்ந்தார்.

“மாமா, அரைநாணைக் கழட்டுங்க.”

“கழட்டினா நாவூறு பட்டிரும் மிஸ்.”

“வெள்ளியை நிறுக்கவா நான் இஞ்ச இரிக்கன்? கழட்டுங்க.”

கழற்றினேன். முள் நின்ற இடத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கார்டைத் திருப்பி எனக்குக் காட்டினார். பிள்ளை வளர வளர மேலே ஏற வேண்டிய கோடு, நெடுநேரம் நடந்து களைத்த மனுசனைப்போல நேராகப் படுத்துக்கிடந்தது. “மாசாமாசம் மாப் பை எடுத்துக்கிட்டுத்தான் போறாங்க. புள்ள ஏறல்ல. உண்மையைச் சொல்லுங்க மாமா, கோழிக்கா போடுறயள்?”

வீட்டுக்கு மா வருகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் வாய் அப்படிச் சொல்லுமா? “மிஸ், எங்கட வீட்டுக் கோழிகள் மானமுள்ள கோழிகள். அரசாங்கத்து மாவைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போகும்” என்றேன். வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “அப்ப நாளைக்கு வாறன். அந்தக் கோழிகளையும் பாக்கத்தான் வேணும்.”

கிளினிக்கில் தந்த மாப் பையோடு வந்த என்னைக் கண்டதும் தர்சினி பாயில் எழும்பி இருந்துவிட்டாள். “மாமா, அவருக்குச் சொல்லிராதீங்க.” “நான் ஏன் சொல்றன்?” “உங்கட வாய் மைக்குப் பூட்டின வாய். அதாலதான் உங்களுக்கும் சொல்லல்ல.” பையை வாங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். மேலே அரிசியைத் தள்ளி மட்டமாக்கினாள். வீடியோவில் உன் கண் படாத ஒரே இடம் அதுதானாம்.

அடுத்த நாள் மருத்துவமாது ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது நான் முற்றத்துக் கதிரையில், தேத்தண்ணியோடு இருந்தேன். எழும்பி நின்று கோழிகளை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தினேன். இது சேவல், வம்சம் கண்டி அரண்மனை. இது அவருடைய பட்டத்து ராணி, தவிட்டைத் தவிர வேறெதையும் அலகால் தொட்டதில்லை. கையை வீசி வீசிப் பேசிக்கொண்டு, இடையிடையே கையில் இருந்ததைக் கடித்துக்கொண்டு.

“மாமா, கையில என்ன?”

“குரக்கன் உருண்டை. மருமகள் உருட்டினது. ஒண்டு தின்னுங்க மிஸ்.”

“இஞ்ச தாங்க பாப்பம்.” வாங்கி மூக்கடியில் வைத்தார். வருடக்கணக்காக அந்த மாவின் வாசத்துக்குள்ளேயே வேலை செய்கிறவர். கதவடியில் நின்ற தர்சினியைப் பார்த்தார். தர்சினி நிலத்தைப் பார்த்தாள். எனக்கு வாய்க்குள் பாதி இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியவில்லை. என் பேத்தியின் சாப்பாடு என் கடைவாயில்.

“எப்ப தொடங்கி?”

“மாமா இஞ்ச வந்ததில இருந்து மிஸ். புள்ளைக்கும் குடுக்கிறன். பாதி அவவுக்கு, பாதி இவருக்கு. இவர் சோறு தொடுறாரில்ல. இதைத்தான் விழுங்கிறார். புள்ளைக்கு என்ட பால் இரிக்கி. இவருக்கு ஆர் இரிக்கா?”

“என்னட்டச் சொல்லியிருந்தா ஒரு வழி பாத்திருக்கலாமே புள்ள.”

“ஒளிச்சு எடுக்கிற சாமானைப் பத்தி ஆரிட்டக் கேக்கிற மிஸ்?”

மகனே, அந்த இடத்தில் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். எனக்குள்ளே இறங்கி அதைத் தேடினேன். நாவால் தடவிப் பார்த்தால் உதடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாதே, அப்படி இருந்தது. ஒன்றும் அகப்படவில்லை. வாயில் இருந்ததை விழுங்கினேன். அவ்வளவுதான். கோழிகள் மட்டும் குற்றமற்றவையாகக் காலைச் சுற்றிவந்தன.

மருத்துவமாது கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டார். “புள்ள, மாமாவுக்குச் சோறு போடு.” பிறகு என்னிடம் திரும்பினார். “நீங்க தின்னாத வரைக்கும் இவ உருட்டுறதை விட மாட்டா. நான் ஏசினாலும் விட மாட்டா. அதனால நீங்க தின்னுங்க. நீங்க கோப்பையை முடிக்காம நான் எழும்பல்ல. என்னைப் பாத்துக்கிட்டு இன்னும் நாலு வீடு இரிக்கி.” தர்சினி சோறும் கீரையும் பொரித்த சின்ன மீனும் வைத்தாள். தின்றேன். “ருசி தெரியல்ல மிஸ்” என்றேன். “ருசிக்கு நான் வரல்ல மாமா. நிறைக்கு வந்தன்” என்றார். கோப்பை காலியானபிறகுதான் ஸ்கூட்டரில் ஏறினார். போகும்போது, “கடல் கடந்த ஆம்பிளையள் எல்லாரும் இந்த மாவோட ஏன்தான் இப்பிடிப் பகை பிடிக்கிறாங்களோ” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

அதை நான் யோசித்தேன். உணர்ச்சி இல்லாதவனுக்கு யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது. நீ கை நீட்டுவது என்று சொன்னாய். உன் அம்மா வாழ்நாள் முழுக்கக் கடையில் வாங்கிய சீனியிலும், விளக்குக்கு வாங்கிய மண்ணெண்ணெயிலும், உனக்கு வாங்கிய சவர்க்காரக் கட்டியிலும் அரசாங்கம் வரியென்று தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் விட்டது. அவள் அதைப் பற்றி ஒருநாளும் முறைப்பட்டதில்லை. அப்படி எடுத்ததில் ஒரு சிறங்கை மாவாக அவளுடைய பேத்திக்குத் திரும்பி வருகிறது. அது வாசலால் வர வேண்டியது. நீ அதை வேலிக்குப் பின்னால் ஒளித்துக் கொண்டுவரச் செய்தாய். ஒளித்து வந்ததால்தான் அது வழிமாறி என் வாய்க்குள் வந்தது. வெளியே மேசையில் இருந்திருந்தால், குருடன்போலக் கிடந்த எனக்கும் அது யாருடையது என்று தெரிந்திருக்கும். உன் காசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உன் காசில் முட்டை வாங்குகிறாள், மீன் வாங்குகிறாள். மாவும் வேண்டும் என்று நிறுக்கிறவர் சொல்கிறார். வானத்தைத் தாங்குகிறவனே, இதைமட்டும் அவரிடம் விட்டுவிடு.

இப்போது மாப் பை மேசையில் இருக்கிறது. நான்தான் எடுத்து வைத்தேன், உன் கல்யாணப் படத்துக்குக் கீழே. வெள்ளிக்கிழமை வீடியோவில் உனக்கு அது நேராகத் தெரியும். இந்தக் கடிதத்தைத் தர்சினிக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “மறுகா அவர் ஏசினா?” என்று மட்டும் கேட்டாள். அவள் பயந்தது உன்னுடைய ஏச்சுக்குத்தான் மனே, வேறெதற்குமில்லை. ஏசுவதென்றால் என்னை ஏசு. எனக்கு இப்போது ஒன்றும் உறைக்காது. அவளிடம் “புள்ள மா தின்டாளா?” என்று கேள். அந்த ஒரு கேள்வி போதும். அவள் அடுத்த மாதமும் தலை நிமிர்ந்து கிளினிக்குக்குப் போவாள்.

போன தடவை நிறுத்தபோது கோடு தலையைக் கொஞ்சம் தூக்கியிருந்தது. அரைநாணைக் கழற்றிவிட்டுத்தான் நிறுத்தார்கள், சந்தேகப்படாதே.

இன்று மத்தியானம் நான் கோப்பையோடு இருந்தேன். பிள்ளை எனக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். தாய் உருட்டிக்கொடுத்த உருண்டையை ஒரு கடி கடித்துவிட்டு, எழும்பித் தள்ளாடி வந்து, மிச்சத்தை என் வாய்க்குள் திணிக்கப் பார்த்தாள். பழக்கம், நான் தின்பதை அவள் இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். எனக்குத் தொண்டைக்குள் மந்திரிமார் எல்லாரும் எழும்பி நின்றார்கள். மில் ஓடத் தொடங்கியது. அடுப்படியில் தர்சினி அகப்பையை நிறுத்திவிட்டு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிள்ளையின் கையைப் பிடித்து அவளுடைய வாய்ப்பக்கம் திருப்பினேன்.

“இது மா,” என்றேன். “கிளினிக்கில தந்தது. உனக்கு.”

என் ஆயுளில் நான் பேசிய ஆகச் சின்னப் பேச்சு அதுதான். அவள் என்னைக் கொஞ்சம் பார்த்தாள். பிறகு தின்றாள். நானும் என் கோப்பையைக் குனிந்து பார்த்துத் தின்றேன். மீனில் உப்புக் கொஞ்சம் கூட என்று பட்டது. அது மீனில்தானா என்று இன்னும் நிச்சயமில்லை. நாளைக்கும் தின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இன்று சோறு தின்ற,
உன் அப்பா.